மே முப்பத்தொன்றின் தாள்

என் பெஞ்சுக்காரி வசந்தாவுக்கு,

பிறந்த நாள் வாழ்த்துகள். உனக்கும், எனக்கும், நாம் படித்த பள்ளிக்கூடத்தில் நம் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முக்கால்வாசிப் பேருக்கும். இன்றைக்கு மே முப்பத்தொன்று. நீ போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. நாலு வருடமாக உன்னிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த ஒன்று என்னிடம் உண்டு. இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி என்றைக்குச் சொல்வது?

முதலில் ஊர்ச் செய்தி. இன்றோடு எனக்கு வேலை முடிந்தது. நெய்யாற்றின்கரை ஆபீசில் எங்கள் பிரிவில் மட்டும் நாலு பேர் ஒரே நாளில் ஓய்வு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கேக், ஆளுக்கொரு பொன்னாடை, எல்லாருக்கும் ஒரே யாத்ரயயப்பு யோகம், அதாவது வழியனுப்புக் கூட்டம். கேக்கில் நாலு பெயரையும் எழுத இடமில்லை என்று ‘எல்லாவர்க்கும் ஆசம்சகள்’, எல்லாருக்கும் வாழ்த்துகள் என்று மலையாளத்தில் பொதுவாக எழுதிவிட்டார்கள். நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் வேலை செய்தவளுக்கு ஒரு பெயர் எழுத இடமில்லையாம்.

உனக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் இந்தக் கடிதத்தை வேறு நாலு பேரும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஜூன் ஒன்றாம் தேதி திறக்கும். அன்றைக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டில் யாருக்குத் தேதி தெரியும்? “கப்பைக் கெழங்கு பறிச்ச சமயம்” என்பாள் ஒரு அம்மை. “கிணறு நெறஞ்சு வழிஞ்ச வருஷமில்லா” என்பாள் இன்னொருத்தி. உன் அப்பாதான் ஹெட்மாஸ்டர். பேனாவைத் திறப்பார், மே முப்பத்தொன்று என்று எழுதுவார், மூடுவார். அவருடைய பேனாவுக்குத் தெரிந்த பிறந்த நாள் அது ஒன்றுதான்.

உனக்கும் அதே தேதியைத்தான் எழுதினார். நீ பிறந்தது ஆவணி மாசம் அத்தம் நட்சத்திரம் என்று உன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உன் அம்மை சண்டைக்குப் போனபோது, “ஊருப் பிள்ளைகளுக்கு ஒரு தேதி, எனக்க பிள்ளைக்கு வேற தேதியா?” என்று கேட்டாராம். இதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

நம் பெஞ்சு பிரிந்து நான் சர்க்கார் வேலைக்குப் போனேன். நீ கல்யாணமாகி, தமிழ்நாடும் கேரளமும் சேரும் எல்லையில், பனச்சமூட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்தாய். நகல் எடுக்க வருகிறவர்கள் நீட்டும் ஆதார் அட்டைகள், பாதி தமிழில், பாதி மலையாளத்தில், எல்லாம் உன் கையைக் கடந்துதான் போகும். ஒரு நாள் நான் கடையில் நின்றபோது ஓர் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினாய். “பாத்தியா பிள்ளே, மே முப்பத்தொண்ணு. இது எனக்க அப்பாவுக்க கையாக்கும். காலத்த மூணு, மத்தியானம் ரெண்டு, எப்படியும் வரும். மனுசன் செத்தும் எனக்க கடையில வந்து கையெழுத்துப் போட்டிட்டு போறாரு.”

அப்புறம் அந்தக் காலண்டர் பெட்டி. அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் உன் தம்பி, “அக்காவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டான். நீ காலண்டர் கேட்டாய். உன் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இரண்டு உண்டு: நல்ல நேரம் பார்க்கத் தமிழ் தினக் காலண்டர், காஸ் வந்த தேதியைக் குறித்து வைக்க மலையாள மாசக் காலண்டர். மூன்றாவதாகப் பனிமலைப் படம் போட்ட ஒன்று வரும் என்று ஆணி கூட அடித்து வைத்திருந்தாய். வந்ததோ மேசையில் வைக்கும் ஒரு குட்டிப் பெட்டி. நாளுக்கொரு தாள். ஒவ்வொரு தாளிலும் அந்தத் தேதியில் முன்பு எப்போதோ அமெரிக்க விளையாட்டு மைதானத்தில் நடந்த ஒரு சங்கதி.

“இதுல ராகு காலம் இல்ல, அமாவாசை இல்ல, ஒரு கல்யாண முகூர்த்தம் இல்ல. எவனோ பந்தடிச்சதுக்கு எனக்கு எதுக்கு காலண்டர்?” என்று தம்பியைப் போனில் வறுத்தெடுத்தாய். ஆனால் தாளைத் தடவிப் பார்த்ததும் உன் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. “தாளு கொள்ளாம், கேட்டியா” என்றாய். நல்ல கனமான தாளைக் குப்பையில் போட உனக்கு மனம் வருமா?

பொழியூரிலிருந்து வள்ளக்காரர் ஒருவர் ஏதோ விண்ணப்பத்துக்கு நகல் எடுக்க வந்தார். அவருடைய ஆதார் அட்டையில் பிறந்த நாளாக அன்றைய தேதி இருந்தது. நீ பெட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, லேமினேட் செய்து, சுடச்சுட அவர் கையில் கொடுத்தாய். “சேச்சி, இதெந்தா?” என்று அவர் விழித்தார். “நீ பிறந்த நாளுல அமெரிக்காவுல ஒருத்தன் ஜெயிச்சிருக்கான். பத்திரமா வச்சுக்கோ.” அடுத்த வருடம் அதே நாளில் அவர் ஒரு பொதி நெத்திலிக் கருவாட்டோடு வந்து நின்றார். அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது, தம்பியும் வருடா வருடம் புதுப் பெட்டி அனுப்பினான். பிறந்த நாளன்று கோயிலுக்குப் போவார்கள், சர்ச்சுக்குப் போவார்கள், அப்படியே உன் கடைக்கும் வருவார்கள்.

எல்லா நாளும் ஒருவர் இருவர். மே முப்பத்தொன்றுக்கு மட்டும் கூட்டம். இருப்பது ஒரே தாள். அசல் முறை வைத்து வருடத்துக்கு ஒருவருக்கு, மற்றவர்களுக்கெல்லாம் நகல் என்று நீயே சட்டம் போட்டாய். “எனக்க அப்பா எல்லாருக்கும் பிறந்த நாள் கொடுத்தாரு. பரிசு கொடுக்க மறந்து போனாரு. அத நான் கொடுக்கேன்” என்பாய்.

முதல் வருடத் தாள் நினைவிருக்கிறதா? அறுபத்துநாலாம் வருடம் நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு பேஸ்பால் ஆட்டம். இரண்டாவது ஆட்டம் முடியவே இல்லை. ஒன்பது சுற்றில் முடிய வேண்டியது, யாரும் ஜெயிக்காமல் இருபத்துமூன்று சுற்று வரை ஓடியிருக்கிறது, ஏழு மணி நேரத்துக்கு மேல். நாம் இருவரும் பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நீ முக்காலியில் ஏறி நின்று கூட்டத்துக்கு விளக்கினாய். “டிக்கெட் ஒண்ணு, களி ரெண்டு. மத்தியானம் போன ஆளுவ பாதி ராத்திரிக்காக்கும் வீட்டுக்கு வந்திருக்கு. அவனுவளுக்க வீட்டுல சோறு ஆக்கி வச்சவ என்ன பாடு பட்டிருப்பா?” ஜெயித்தது எந்த அணி என்று நீயும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் கூடைப்பந்து. ஆட்டம் சமனாகி இரண்டு தடவை நேரத்தை நீட்டினார்கள். ஓர் அணி கடைசியாக எடுத்த இருபத்தைந்து புள்ளிகளையும் ஒரே ஆள் எடுத்தான். “அது நானாக்கும். எனக்க செக்‌ஷன்ல ஒருத்தனும் ஒரு ஃபைலத் தொட மாட்டான்” என்றேன். நீ விட்டுக் கொடுக்கவில்லை. “மத்த நாலு பேரு பந்த அவனுக்கு எடுத்துக் கொடுத்தாவளே, அது சோலி இல்லியா?” என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாவது வருடத்தைப் பற்றி எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆனால் அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரம் ஆபீசில் சீனியாரிட்டி பட்டியல் வந்தது. எனக்கு முன்னால் இருப்பவர் ஓய்வு பெறும் அதே நாளில் எனக்கும் ஓய்வு. எங்கள் சர்ச் சபைப் பதிவேட்டில் நான் பிறந்தது ஜனவரிக் கடைசி என்று தெளிவாக உண்டு. அந்தத் தேதிப்படி எனக்கு இன்னும் எட்டு மாதம் கிடைக்கும், நான் சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சூப்பிரண்டாக வெளியே போவேன். அந்த எட்டு மாதத்தை உன் அப்பாவின் பேனா தின்றுவிட்டது என்ற நினைப்பு எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கொதிப்போடுதான் மே முப்பத்தொன்றன்று பஸ்ஸிலிருந்து இறங்கி உன் கடைக்கு வந்தேன். கடை நிறையக் கூட்டம். நீ சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு நகலை நீட்டினாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் ஒரு சொல்கூட மறக்கவில்லை. “பிறந்த நாளாம், பிறந்த நாளு! உனக்க அப்பா எழுதின கள்ளத் தேதி. எனக்க எட்டு மாசத்த களவாண்ட ஆளு அவரு. அவருக்க படத்துக்கு பள்ளிக்கூடத்துல மாலை வேற போடுறீங்க. எனக்க நாற்காலிக்கு யாரு பதில் பறயும்?”

 மிஷின் நகல்களைத் துப்பிக்கொண்டே இருந்தது. நீ அதை நிறுத்தினாய். என்னைப் பார்த்து, “தண்ணி குடிக்கியா பிள்ளே?” என்று கேட்டாய். நீ திருப்பித் திட்டியிருந்தால் எனக்குக் கோபம் அடங்கியிருக்கும். தாளை மேசையில் வீசிவிட்டு வந்துவிட்டேன். அந்த வருடத் தாளில் என்ன இருந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேஸ்பாலில் ஒரே ஆட்டக்காரன், யார் உதவியும் இல்லாமல், பந்தைப் பிடித்து ஒருவனை, தொட்டு ஒருவனை, ஓடிப்போய்க் கட்டத்தை மிதித்து ஒருவனை என்று ஒரே மூச்சில் மூன்று பேரை வெளியேற்றினானாம். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அதை யாரும் செய்யவில்லையாம். அன்றைக்கு நானும் ஒரே மூச்சில் உன்னையும் உன் அப்பாவையும் நம் நட்பையும் வெளியே அனுப்பப் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து நீ என் வீட்டுக்கு வந்தாய். உட்காரவில்லை. கையில் இரண்டு பக்கம், உன் கைப்பட எழுதியது. “இத வச்சு தேதி மாத்த மனு கொடு. அப்பா மனசறிஞ்சு தப்பா எழுதினாருண்ணு நான் சாட்சி எழுதியிருக்கேன். மூணு செட் காப்பி வேணும், ஆபீசருக்க ஒப்பும் வாங்கணும். நாளைக்கு கடைக்கு வா, நான் எடுத்துத் தாறேன்” என்றாய். சாயாவைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் போனாய்.

நீ போன பிறகு படித்தேன். உன் அப்பா கடைசிக் காலத்தில் உன்னிடம் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். என் அம்மை கசுவண்டி ஆபீசில், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலைக்குப் போனவள். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். என்னை வைத்துப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. மூன்று நாள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றிருக்கிறாள். எனக்கு நாலரை வயது கூட ஆகவில்லை, சேர்க்க வழியில்லை என்று உன் அப்பா இரண்டு நாள் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் அம்மை என்னை வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு, மணி ஆகிவிட்டது என்று வேலைக்கு ஓடிவிட்டாள். நான் அங்கேயே சுருண்டு தூங்கிப்போனேன். உன் அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்திருக்கிறார். “இதுக்கு உள்ள இருக்க வயசு ஆகல்ல, சரி. வெளிய கெடக்க வயசு ஆச்சா?” என்று உதவி டீச்சரிடம் கேட்டாராம்.

கடைசியில் எழுதியிருந்தாய்: ‘அந்தத் தேதி தவறு என்று தெரிந்தே என் தகப்பனார் எழுதினார். இதற்கு நான் சாட்சி.’ கீழே உன் கையெழுத்து.

என் அம்மை சாகும்வரை இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டாளா, மறந்துவிட்டாளா? அடுத்த வருடம் வரை காத்திருந்தால் அதற்குள் பிறந்துவிட்ட தம்பியைப் பார்க்க என்னை வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் தெருவில் அப்படி நின்று போன பெண்களை எனக்கு இப்போதும் தெரியும். உன் அப்பா என்னிடமிருந்து எட்டு மாதம் எடுத்தார் என்றா சொன்னேன்? அந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்கு ஆபீசே கிடையாது, பிறகல்லவா நாற்காலி.

நான் மனு கொடுக்கவில்லை வசந்தா. இதுதான் சொல்ல வேண்டியது. உன் இரண்டு பக்கத்தையும் அலமாரியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அதை உன்னிடம் சொல்லவும் இல்லை. சொன்னால், கூட்டத்துக்கு நடுவில் பேசியதற்குக் கூட்டத்துக்கு நடுவிலேயே மன்னிப்பும் கேட்க வேண்டுமே. மன்னிப்பு என்ற சொல்லை ஆபீஸ் கடிதத்தில் மட்டும் எழுதத் தெரிந்தவள் நான்.

பத்து நாள் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி உன் கடைக்கு வந்து ரேஷன் கார்டு நகல் எடுத்தேன். நீயும் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுத்துக் கொடுத்தாய். போகும்போது, “மனு என்னாச்சு?” என்றாய். “பரிசீலனையில உண்டு” என்றேன். அதற்கப்புறம் நாலு வருடம் நீ கேட்பதும் நான் அளப்பதுமாகப் போனது. ஃபைல் திருவனந்தபுரம் போயிருக்கிறது என்றேன். திரும்பி வந்தது என்றேன். விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றேன். இல்லாத ஒரு ஃபைலை நாலு வருடம் நடமாட விட்டேன். உன் அப்பாவின் பெயர் ஏதோ ஓர் ஆபீசில் குற்றவாளி மாதிரி கிடக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் உனக்கு உடம்பு தளர ஆரம்பித்திருந்தது. அப்போதும் முக்காலியில் ஏறினாய், உன் வீட்டுக்காரர் சுகுமாரன் அண்ணன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். தாளில் குத்துச்சண்டை. பட்டத்தைக் கையில் வைத்திருந்தவன், பதினைந்து சுற்று. பாதிக்கு மேல் அடி தாங்க முடியாமல் போய்விட்டது, நிறுத்திவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கடைசி மணி வரை நின்று தோற்றான். “தோத்தவனுக்க கதைய காலண்டர்ல போட்டிருக்கான் பாத்தியளா? நம்ம ஊருல போடுவானுவளா?” என்று கேட்டாய். உன் குரலில் என்னவோ ஒரு சந்தோஷம் இருந்தது.

இந்த வருடம் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, ஒரு மத்தியானம் பார்வை நேரத்தில் வந்தேன். ஒரு குருட்டுத் தைரியத்தில் அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். “மனு என்னாச்சு பிள்ளே?” என்னால் முடியவில்லை. “கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரியாக்கும்” என்றேன். நீ சிரித்தாய். அப்புறம், “அந்தக் கஞ்சிய இஞ்ச எடு” என்றாய். உனக்கு ஆறுதலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கஞ்சியை ஊட்டினேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

இனி இன்றைய கதை.

யாத்ரயயப்பு முடிந்து, பொன்னாடையைப் பையில் திணித்துக்கொண்டு வெள்ளறடை பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, பனச்சமூட்டில் இறங்கினேன். உன் கடை வாசலில் கூட்டம். யாரும் கூப்பிடவில்லை, நீ இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வந்து நிற்கிறார்கள். சுகுமாரன் அண்ணன் மிஷினுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“புஷ்பம், நீ வந்தது நல்லதாச்சு. இந்தக் கூட்டத்துக்கு நான் என்னத்த பறயும்? எனக்கு பஸ் ஓட்டத் தெரியும், இந்தச் சாதனம் பிடி கிட்டல்ல. அவ ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னயே இன்னைக்குள்ள தாள எடுத்து மாத்தி வச்சிருந்தா. உனக்க பேரு போட்டிருக்கு” என்று ஓர் உறையை நீட்டினார்.

உள்ளே இன்றைய தாள். அதில் குண்டூசியால் குத்திய ஒரு சீட்டு. வேலை வந்தால் பெயரும் விவரமும் எழுதிக் குத்துவாயே, அந்த மாதிரிச் சீட்டு. உன் கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தது.

‘புஷ்பம். அசல். இந்த வருஷம் அவளுக்க முறை. மனு, 3 செட் காப்பி. நாலு வருஷமாச்சு, எடுக்க வரல்ல. எனக்கு அப்பமே மனசிலாச்சு. அவளே பறயட்டும்.’

அங்கேயே உன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் ஆபீசில் குப்பை கொட்டியவள் நான். மனு என்றால் மூன்று நகல் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். ஒரு ரேஷன் கார்டைக்கூட உன் கடையை விட்டு வேறு எங்கும் நகல் எடுக்காதவள், மனுவுக்கு மட்டும் எங்கே போயிருப்பேன்? பொய்யைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அப்படியானால் நாலு வருடமும் நீ தெரிந்தேதான் கேட்டாயா? ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தாயா? காரக்கோணத்தில் சிரித்தாயே, அது எதற்கு? நான் உள்ளே வராமல் கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியிலேயே நின்றுவிட்டேனே. உனக்குக் கோபம் வரவில்லையா? அதுவும் போகட்டும், உன் அப்பாவின் பெயர் எங்கும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொண்டுதான் நீ போனாய். இந்த இரண்டு மாதமாக என் நெஞ்சை அரித்தது அது ஒன்றுதான். அதை நீயே எடுத்துப் போட்டுவிட்டாய். அழுதேன், வசந்தா. அவ்வளவு பேர் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அப்புறம் எழுந்து, உன் முக்காலியில் ஏறினேன். முட்டி வலியில் உயிர் போனது.

“நாலு வருஷத்துக்கு முன்ன இதே இடத்துல நின்னு ஹெட்மாஸ்டர் சாரக் கள்ளன்னு பறஞ்சேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க. அது தப்பாக்கும். அவரு என்னத்துக்கு அந்தத் தேதிய எழுதினாருண்ணு இப்பம் பறயேன், அதையும் கேளுங்க” என்று ஆரம்பித்து, அம்மை, வாசல் படி, பதிவேடு எல்லாவற்றையும் சொன்னேன். மனு கொடுக்காததையும், உன்னிடம் அளந்த பொய்களையும் சேர்த்தே சொன்னேன். பாதியில் யாரோ தண்ணீர் நீட்டினார்கள். குடித்தேன்.

 முதலில் நம்மோடு படித்த கண்டக்டர், “எனக்க அம்மையும் அண்டியாபீசுல தான்” என்றார். பின்னால் நின்ற ஒரு நர்ஸம்மா, “ஞானும் அங்ஙனெ கேறியதா”, தானும் அப்படிப் பள்ளிக்கூடம் சேர்ந்தவள்தான் என்று மலையாளத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் கையில் இருந்த ஆதார் அட்டையைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

இந்த வருடத் தாளில் என்ன என்று கேட்க மாட்டாயா? அதே நியூயார்க் ஆட்டம். இருபத்துமூன்று சுற்று. சங்கதி தீர்ந்து போய் அமெரிக்கக்காரன் பழசையே திருப்பிப் போட்டுவிட்டான். நான் வாசித்தேன். ஒன்பதில் முடிய வேண்டியது, இருபத்துமூன்று வரை போனது என்று சொன்னதும் கண்டக்டர் முந்திக்கொண்டார். “அவனுவளுக்க வீட்டுல சோறு ஆக்கி வச்சவ என்ன பாடு பட்டிருப்பா?” எல்லாரும் சிரித்தோம். உன் சொல் அது, யாரும் மறக்கவில்லை.

மிஷினை நான்தான் ஓட்டினேன். முதல் நகல் கரிக்கட்டை மாதிரி வந்தது. இரண்டாவது தலைகீழாக வந்தது. அப்புறம் பிடி கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். அசலை நான் எடுத்துக்கொண்டேன், என் முறைதானே.

கூட்டம் கலைந்ததும் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து, உன் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். மூன்று செட் எடுத்தேன், நீ சொன்ன கணக்குதான். ஒன்று அமெரிக்காவில் இருக்கும் உன் தம்பிக்கு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, உன் அப்பா படத்துக்குக் கீழே மாட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன், மறுத்தால் நான் எப்படிக் கத்துவேன் என்று ஊருக்கே தெரியும். ஒன்று எனக்கு. பிறகு உன் சீட்டின் குறுக்கே, வேலை முடிந்தால் நீ போடுகிற மாதிரி, ஒரு கோடு இழுத்துக் கம்பியில் குத்தினேன்.

சுகுமாரன் அண்ணனிடம் பேசிவிட்டேன். நாளையிலிருந்து காலையில் நான் வந்து கடை திறப்பேன். சூப்பிரண்டு நாற்காலி கிடைக்கவில்லை, உன் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்திருக்கிறது, ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது, சரி பண்ணிக்கொள்கிறேன். பெட்டியில் ஏப்ரல், மே தாள்கள் எல்லாம் கிழிக்காமல் கிடக்கின்றன. இந்த இரண்டு மாதத்தில் பிறந்த நாள் கழிந்தவர்கள் வந்தால் தேடி எடுத்துக் கொடுப்பேன். எனக்குக் கோபம் வந்தால் மிஷினை நிறுத்தி, முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். ஜனவரிக் கடைசியில் யாராவது எனக்கு வாழ்த்துச் சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டேன். என் பிறந்த நாள் இதுதான். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் முக்காலியில் ஏறி, அமெரிக்கக்காரன் கதையைச் சொல்வதற்கு முன்னால் உன் அப்பாவின் கதையைச் சொல்வேன். இது சத்தியம்.

ஒரே பேனாவால், ஒரே நாளில் உன் கூடப் பிறந்தவள்,
புஷ்பம்